தத்துவத் துறை இறந்த நேரம் காலை 10.42

பல்கலைக்கழகத்துக்கு வரப்போகும் புதிய துணைவேந்தர் ஒரு டாக்டர் என்று தெரிந்ததும், ஊழியர்கள் எல்லோரும் முதல் காரியமாக வீட்டில் பரண்மேல் கிடந்த பழைய எக்ஸ்ரேக்களைத் தூசி தட்டி எடுத்துவைத்துக்கொண்டார்கள். இலவசமாக ஒரு அபிப்பிராயம் கேட்டுக்கொள்ளலாம் என்ற நப்பாசைதான். வரவேற்பு நாளன்று நூலகர் தன் முழங்கால் எக்ஸ்ரேயைப் பூங்கொத்துக்கு அடியில் வைத்து நீட்டினார். துணைவேந்தர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு. பிரேம் போட்டு ஹால்ல மாட்டுங்க" என்றார். அது இன்றும் மாட்டியிருக்கிறது.

அவரைக் குறை சொல்லக் கூடாது. அவர் நோயாளியைத் தொட்டே பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. நாற்காலிகள் அவரை அப்படி மேலே மேலே தூக்கிக்கொண்டு போய்விட்டன. கடைசியாக ஒரு பெரிய மருத்துவமனைக்குப் பதினோரு வருடம் தலைவராக இருந்தார். அந்த மருத்துவமனையை ஒரு கல்விக்கூடம் மாதிரியே நடத்தினார் என்பது அவர் புகழ். நோயாளிகளுக்கு அங்கே வருகைப் பதிவேடு இருந்தது. எழுபத்தைந்து சதவீத நேரம் படுக்கையில் இல்லாதவர்களுக்கு மாத்திரை கிடையாது. வீட்டுக்குப் போவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் தன் நோயைப் பற்றி ஒரு எழுத்துத் தேர்வு எழுத வேண்டும். தேறாதவர்கள் இன்னும் ஒரு வாரம் படுக்க வேண்டும். சிறுநீரகக் கல்லோடு வந்த ஒரு தையல்காரர் மூன்று முறை தோற்று, நாலாவது முறை தனித்தேர்வராக எழுதித் தேறினார். கல் முதல் வாரமே போய்விட்டிருந்தது.

'இவ்வளவு கல்வி ஆர்வம் உள்ள மனிதர் ஆஸ்பத்திரியில் வீணாகிறாரே' என்று மேலிடம் வருத்தப்பட்டது. பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. இங்கே வந்ததும் அவருக்கு மருத்துவமனை ஞாபகம் வந்துவிட்டது.

முதல் மாதத்திலேயே மாணவர்கள் மணிக்கட்டில் பிளாஸ்டிக் பட்டை கட்டிக்கொண்டார்கள். பெற்றோர் பார்க்க வரும் நேரம் நாலிலிருந்து ஆறு. நூலகத்தில் புத்தகம் கேட்டால் சீட்டில் '1-0-1, சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதிக் கொடுத்தார்கள். தேர்வுப் பிரிவு தீவிர சிகிச்சைப் பிரிவாக மாறியது. உள்ளே இருப்பவர்கள் கண்ணாடிக்குப் பின்னால் அசையாமல் கிடப்பார்கள். வெளியே இருப்பவர்கள் கவலையோடு எட்டிப் பார்ப்பார்கள். அந்த ஒரு இடத்தில் மட்டும் பழையதற்கும் புதியதற்கும் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தானா ஏழாமாண்டு தன் ஆய்வேட்டை முடிக்க வேண்டும்?

ஏழாமாண்டு என்பது ஆள். தத்துவத் துறையின் ஒரே ஆய்வு மாணவன், வயது முப்பத்தாறு. முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து ஏழு வருடம் ஆனதால் அப்படிக் கூப்பிட்டார்கள். போன வருடம் அவன் ஆறாமாண்டு. 'தயக்கம்' என்பது அவன் தலைப்பு. மனிதர்கள் முடிவெடுக்க ஏன் தயங்குகிறார்கள் என்பதை ஒரே மூச்சில் எழுதிவிட முடியாதல்லவா?

இப்போது தயங்க நேரமில்லை. வேறு ஊரில் ஒரு கல்லூரியில் அவனுக்கு ஆசிரியர் வேலை கிடைத்திருந்தது. முப்பதாம் தேதிக்குள் பட்டச் சான்றிதழைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். ஏற்கெனவே இரண்டு முறை தவணை வாங்கியாகிவிட்டது. மூன்றாவது முறை கேட்டபோது அந்தக் கல்லூரி முதல்வர் போனிலேயே கொட்டாவி விட்டார்.

அவன் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அந்த ஊருக்கே மாற்றல் கேட்டு வாங்கிவிட்டிருந்தாள்.

"ஏழு வருஷத்துல ஏழு செட் பசங்களை ஏழாங்கிளாஸ் தாண்ட வெச்சிட்டேன். வீட்டுல இருக்கிற ஒருத்தரைத்தான் தாண்ட வைக்க முடியலை."

"இந்தத் தடவை ஆயிரும்."

"ஆகலைன்னா நானும் பாப்பாவும் போறோம். நீங்க இங்கேயே இருந்து நல்லா தயங்குங்க. லீவுக்கு வந்து பார்த்துட்டுப் போறோம். நாலுலேருந்து ஆறு வரைக்கும்."

தேதி பதினாறு. ஏழாமாண்டு ஆய்வேட்டைப் பையில் போட்டுக்கொண்டு தேர்வுப் பிரிவுக்குப் போனான். வாசலில் ஒரு மேஜை, மேஜைமேல் எடை மிஷின், அதன் பின்னால் டைப்பிஸ்ட் அக்கா. டைப்ரைட்டரை எல்லாம் தூக்கிப் போட்டு இருபது வருடம் ஆன பிறகும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. இப்போது வெள்ளைக் கோட்டு போட்டு, வருகிறவர்களைத் தரம் பிரிக்கும் வேலைக்கு உட்கார வைத்திருந்தார்கள்.

"என்ன தம்பி பிரச்சனை?"

"பிரச்சனை ஒண்ணும் இல்லைக்கா. ஆய்வேட்டைக் கொடுக்க வந்தேன்."

"பிரச்சனை இல்லாதவங்களுக்கு டோக்கன் கிடையாது. ஏதாவது சொல்லு."

"முடிக்க முடியாம இருந்துச்சு. இப்ப முடிஞ்சிருச்சு."

"எத்தனை நாளா?"

"ஏழு வருஷமா."

எழுதிக்கொண்டார். ஆய்வேட்டை மிஷின்மேல் வைத்தார். "ரெண்டு கிலோ முந்நூறு. கடைசியா எப்ப எழுதினே?"

"இன்னிக்குக் காலையில ஒரு அடிக்குறிப்பு சேர்த்தேன்."

அக்கா பேனாவைக் கீழே வைத்தார். "வெறும் வயித்துல கொண்டுவரணும்னு போர்டு மாட்டியிருக்கே, கண்ணு தெரியலையா? பன்னெண்டு மணி நேரத்துக்கு எதுவும் சேர்க்கக் கூடாது."

"ரெண்டு வரிதான்கா."

"ரெண்டு வாய் காபின்னாலும் குடிச்சது குடிச்சதுதான். நாளைக்கு வா."

மறுநாள் ஆய்வேட்டைப் படிக்காமல், தின்னாமல், தொடாமல் கொண்டுபோனான். எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அதைத் திறந்து படிக்க வேண்டுமென்றால் ஒரு சம்மதப் படிவம் வேண்டும். திறக்கும்போது ஆய்வேட்டுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பல்கலைக்கழகம் பொறுப்பில்லை என்று நெருங்கிய உறவினர் கையெழுத்துப் போட வேண்டும். ஆய்வேட்டுக்கு நெருங்கிய உறவினர் துறைத் தலைவர். படிவத்தை வாங்கிக்கொண்டு ஏழாமாண்டு துறைக்கு ஓடினான்.

தத்துவத் துறைத் தலைவரைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். துறையில் இருந்த ஒரே பேராசிரியரும் அவர்தான். எந்தக் கேள்வி கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டுதான் யோசிப்பார். சாதாரணக் கேள்விக்கு ஒரு நிமிடம், கஷ்டமான கேள்விக்கு நாலு நிமிடம். "சார், டீ சொல்லட்டுமா?" என்று கேட்டுவிட்டு டீயை வாங்கிக்கொண்டு வந்தாலும் பதில் வந்திருக்காது. பழகிய மாணவர்கள் கேள்வியைக் கேட்டுவிட்டு வெளியே போய் ஒரு போன் பேசிவிட்டு வருவார்கள். பதில் மட்டும் எப்போதும் பிரமாதமாக இருக்கும்.

அவர் படிவத்தை வாங்கி, 'சம்மதம்' என்ற சொல்லைப் படித்து, கண்ணை மூடினார். அந்த நேரத்தில்தான் வராந்தாவில் காலடிச் சத்தம் கேட்டது.

துணைவேந்தர் ரவுண்ட்ஸ் வந்துகொண்டிருந்தார்.

புதன்கிழமைதோறும் ரவுண்ட்ஸ். முன்னால் துணைவேந்தர், கழுத்தில் ஸ்டெதஸ்கோப். அவர் பின்னால் அட்டையும் பேனாவுமாகப் பதிவாளர். அவருக்குப் பின்னால் சீனியாரிட்டி வரிசையில் துணைப் பதிவாளர்கள், கடைசியில் கேமராக்காரர். ஒவ்வொரு துறையின் வாசலிலும் ஒரு கேஸ் ஷீட் தொங்கும். அன்று காலை வரலாற்றுத் துறையில் "இது எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். "ஒரு மூவாயிரம் வருஷமா சார்" என்றாராம் துறைத் தலைவர். 'நாள்பட்டது' என்று பதிவாளர் எழுதிக்கொண்டார். கணிதத் துறையில் "எங்கே வலிக்குது?" என்றதற்கு, "போன வருஷக் கேள்வித்தாள்ல" என்று பதில் வந்திருக்கிறது. இரண்டு வேளை ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு, இங்கே வந்துவிட்டார்கள்.

துணைவேந்தர் புத்தக அலமாரியைத் தட்டிப் பார்த்தார். சுவரில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். பிறகு நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார்.

"இந்தத் துறையால என்ன பயன்?"

பேராசிரியரின் நெற்றி லேசாகச் சுருங்கியது. கேள்வி உள்ளே போய்விட்டது. கஷ்டமான கேள்வி.

ஒரு நிமிடம் ஆயிற்று. "பேச்சு இல்லை" என்றார் துணைவேந்தர். பதிவாளர் எழுதினார்.

"சார், அவர் யோசிக்கிறார்" என்றான் ஏழாமாண்டு.

"அட்டெண்டர் எல்லாம் வெளியே நில்லுங்கப்பா" என்றார் ஒரு துணைப் பதிவாளர்.

இரண்டு நிமிடம். டார்ச் கேட்டு வாங்கி, பேராசிரியர் முகத்தில் அடித்துப் பார்த்தார்கள். அவர் நல்ல வெயிலில் நடுரோட்டில் நின்று யோசித்துப் பழகியவர். மூன்றாவது நிமிடம் துணைவேந்தர் துறையின் கதவை இரண்டு முறை ஓங்கிச் சாத்திப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து, பத்தொன்பது வருடமாக உபயோகிக்காத அந்தக் குரலை எடுத்தார்.

"துறை போயிருச்சு. நேரம் பத்து நாப்பத்திரண்டு."

கேமராக்காரர் ஒரு படம் எடுத்தார். ஊர்வலம் தலையைக் குனிந்தபடி பொருளாதாரத் துறைக்குப் போயிற்று.

பத்து நாற்பத்து மூன்றுக்குப் பேராசிரியர் கண்ணைத் திறந்தார். "இந்தத் துறையால என்ன பயன்னு ஒருத்தர் கேட்கிறார்னா, கேட்கிற அந்த நிமிஷம் அவரே இந்தத் துறைக்குள்ளதான் இருக்கார்" என்றார். சுற்றிப் பார்த்தார். "எங்கே அவர்?"

"போயிட்டாங்க சார். நம்மளும் போயிட்டோமாம்."

அன்று பிற்பகலே இறப்புச் சான்றிதழ் வந்துவிட்டது. கதவில் ஒட்டினார்கள். சம்மதப் படிவத்தில் பேராசிரியர் நாலு மணிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நாலே காலுக்கு அது திரும்பி வந்தது.

"இறந்த துறையிலேருந்து கையெழுத்து எப்படி தம்பி வரும்?" என்றார் டைப்பிஸ்ட் அக்கா. அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. "நாங்க வாங்கினா அது ஃபோர்ஜரி ஆயிரும்."

"அவர் உயிரோடதான்கா இருக்கார். டீ குடிச்சிட்டிருக்கார்."

"அவர் இருக்கார். துறைதான் இல்லை."

"மறுபடி உயிர் வந்துருச்சுன்னு எழுதிக் கொடுக்க ஃபாரம் இருக்கா?"

அக்கா அலமாரியைத் திறந்து எல்லாப் படிவத்தையும் பார்த்தார். சேர, படுக்க, மாற்ற, வெட்ட, ஒட்ட, இறக்க என்று எல்லாவற்றுக்கும் இருந்தது. "அதுக்கு மட்டும் அச்சடிக்கலை" என்றார்.

பதினெட்டாம் தேதி பேராசிரியரும் ஏழாமாண்டும் துணைவேந்தரைப் பார்க்கப் போனார்கள். மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். உள்ளே போனதும் துணைவேந்தர் எழுந்து வந்து பேராசிரியரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"எங்களால முடிஞ்சதை எல்லாம் செஞ்சோம்" என்றார்.

"மூணு நிமிஷம் சார்" என்றான் ஏழாமாண்டு.

"ஒரு துறைக்கு இதுவரைக்கும் நான் ஒதுக்கினதுலேயே அதிக நேரம் அது." பேராசிரியர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு ஒரு குறையும் வராது. சம்பளம் வரும். இறந்தவங்க குடும்பத்தை நாங்க கைவிட மாட்டோம். என் முப்பது வருஷ அனுபவத்துல நான் கத்துக்கிட்டது ஒண்ணுதான். ஆஸ்பத்திரின்னா சுத்தமா இருக்கணும். எது சுத்தமா இருக்கும்? நோயாளி இல்லாததுதான். பல்கலைக்கழகமும் அப்படித்தான். இந்தப் பசங்களும் வாத்தியார்களும் மட்டும் இல்லைன்னா இது உலகத்தரத்துக்குப் போயிருக்கும். அந்தத் திசையில உங்க துறைதான் முதல் அடி எடுத்து வெச்சிருக்கு."

"என் ஆய்வேடு?"

"உறுப்பு தானம் பண்ணிடலாம்."

பண்ணினார்கள். துறையின் மின்விசிறி மேலாண்மைத் துறைக்குப் பொருத்தப்பட்டு அங்கே நன்றாகச் சுற்றியது. அலமாரி விலங்கியலுக்குப் போயிற்று. ஏழாமாண்டை உடற்கல்வித் துறையில் பொருத்தினார்கள். அந்தத் துறைத் தலைவர் அவனை மைதானத்தில் நிற்க வைத்து ஒரு சுற்று சுற்றி வந்தார். "ஒரு ரவுண்ட் ஓடு பார்ப்போம்" என்றார். ஏழாமாண்டு, ஓடுவதா நடப்பதா என்று கொஞ்சம் யோசித்தான். இருபத்து நாலு மணி நேரத்தில் 'ஒவ்வாமை' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் மனைவி பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். அவனுடைய சட்டைகளை மட்டும் கட்டாமல் தனியாக மடித்து வைத்திருந்தாள்.

"இதுல எதை எடுத்துட்டுப் போறது, எதை விடுறதுன்னு நீங்களே சொல்லுங்க."

"எல்லாத்தையும் வை."

"தேதி இருபத்திரண்டு."

"தெரியும்."

"சும்மா சொன்னேன். கணக்கு டீச்சர் இல்லையா, எண்ணிக்கிட்டே இருப்பேன்." அவள் சிரிக்கவில்லை. சட்டைகளையும் வைக்கவில்லை.

மறுநாள் ஆய்வேட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ள வந்தவனை டைப்பிஸ்ட் அக்கா உட்காரச் சொன்னார். டோக்கன் கொடுக்காமலே உட்காரச் சொன்னது அவருக்கே புதிது.

"தம்பி, இருபத்தேழு வருஷமா இங்க ஃபைல் போறதைப் பார்த்துக்கிட்டிருக்கேன். உயிரோட இருக்கிற ஃபைல் எதுவும் இந்த முப்பதாம் தேதிக்குள்ள நகராது. பெரிய டாக்டர் கொண்டுவந்த புது விதியில, தொண்ணூத்தாறு மணி நேரத்துல முடிச்சே ஆகணும்னு இருக்கிற ஃபைல் ஒண்ணே ஒண்ணுதான்."

"எது?"

"போஸ்ட்மார்ட்டம். துறை எதனால செத்துச்சுன்னு இன்னும் யாரும் கேட்கலை. நீ கேட்டு ஒரு மனு கொடு. உள்ளே என்னென்ன இருந்துச்சுன்னு திறந்து பார்த்து, ரிப்போர்ட் எழுதி, அதை அதை உரியவங்க கிட்ட ஒப்படைக்கணும். வெளியிலேருந்து ரெண்டு நிபுணர் வரணும்."

"நிபுணருக்கு எங்கே போறது?"

"உன் ஆய்வேட்டைத் திருத்தறதுக்குன்னு ரெண்டு பேரை ஆறு மாசம் முன்னாடியே போட்டாச்சே? அவங்களுக்கே லெட்டர் போடறேன். ரெண்டும் திறந்து பார்க்கிற வேலைதானே."

அவன் கொஞ்சம் யோசித்தான். அக்கா பேனாவை அவன் கையில் திணித்தார். "யோசிக்காதே. கையெழுத்துப் போடு."

இருபத்தேழாம் தேதி கருத்தரங்கக் கூடத்தில் பரிசோதனை நடந்தது. நடுவில் ஒரு நீள மேஜை, அதன்மேல் பச்சைத் துணி, துணிமேல் ஆய்வேடு. வாய்மொழித் தேர்வு என்று நினைத்துக்கொண்டு வந்த இரண்டு வெளிப் பேராசிரியர்களுக்கும் வாசலிலேயே முகக்கவசமும் கையுறையும் கொடுத்தார்கள். இந்தக் காலத்தில் எந்தப் பல்கலைக்கழகத்தில் என்ன வழக்கமோ என்று அவர்கள் ஒன்றும் கேட்காமல் மாட்டிக்கொண்டார்கள். துணைவேந்தரே தலைமை தாங்கினார்.

"மூணாம் அத்தியாயத்தைத் திறங்க" என்றார் முதல் நிபுணர்.

கையுறைக் கை ஒன்று திறந்தது.

"தயக்கத்துக்கும் பயத்துக்கும் என்ன வித்தியாசம்னு இங்க சொல்லியிருக்கீங்க?"

ஏழாமாண்டு சொன்னான். ஏழு வருடம் அடைத்துக் கிடந்ததெல்லாம் வந்தது. பயந்தவனுக்குப் போக வழி தெரியாது என்றான். தயங்குகிறவனுக்கு எல்லா வழியும் தெரிந்துவிடுகிறது, அதுதான் அவன் கஷ்டம் என்றான். இரண்டாவது நிபுணர் முகக்கவசத்தைக் கீழே இறக்கிவிட்டுச் சண்டை போட்டார். ஏழாமாண்டு திருப்பிச் சண்டை போட்டான். ஒன்றேகால் மணி நேரம் அந்தக் கூடத்தில் தத்துவம் நடந்தது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பேராசிரியர் கண்ணை மூடவே இல்லை.

கடைசியில் நிபுணர்கள் இருவரும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். துணைவேந்தர் அதைப் படித்தார். 'ஆய்வேடு முழுமையாகவும் நல்ல நிலையிலும் உள்ளது. பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறோம்.' அவர் முகம் மெல்ல மாறியது. அப்படி ஒரு மலர்ச்சியை அதற்குமுன் பதவியேற்பு நாளில்தான் பார்த்திருக்கிறார்கள்.

"உயிரோட இருக்கா?"

"ரொம்ப நல்லா இருக்கு சார்" என்றார் முதல் நிபுணர்.

துணைவேந்தர் ஆய்வேட்டைப் பச்சைத் துணியோடு சேர்த்துச் சுற்றி இரண்டு கையாலும் தூக்கினார். கேமராக்காரர் நாற்காலிமேல் ஏறினார்.

"நண்பர்களே, தாயை நம்மால காப்பாத்த முடியலை. ஆனா குழந்தையைக் காப்பாத்திட்டோம். இறந்து பத்து நாள் ஆன துறைக்குள்ளேருந்து ரெண்டு கிலோ முந்நூறு கிராம்ல ஒரு ஆய்வேட்டை உயிரோட எடுத்திருக்கோம். இதை நான் என் சாதனைன்னு சொல்ல மாட்டேன். நாளைக்குப் பத்திரிகைகள் சொல்லும்."

பத்திரிகைகளும் சொல்லின. இருபத்தொன்பதாம் தேதி காலை பதினொரு மணிக்குத் தற்காலிகப் பட்டச் சான்றிதழ் கையெழுத்தாகி வந்தது. டைப்பிஸ்ட் அக்கா அதை உறையில் போட்டுக் கொடுத்து, "அடுத்தது யாருப்பா?" என்று வரிசையைப் பார்த்துக் கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது என்று ஏழாமாண்டு இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறான். எடை மிஷினில் விரல் நசுங்கியதாக அக்கா சொல்கிறார்.

இதற்கிடையில் மற்றத் துறைகளிலும் ஒரு விஷயம் பரவியிருந்தது. இறந்த துறைக்கு ரவுண்ட்ஸ் கிடையாது. கேஸ் ஷீட் கிடையாது, வாராந்திர அறிக்கை கிடையாது; சம்பளம் மட்டும் உண்டு. அடுத்த புதன்கிழமை துணைவேந்தர் வந்து கேள்வி கேட்டதும் வரலாற்றுத் துறைத் தலைவர் கண்ணை மூடினார். கணிதத் துறை இரண்டு வாரம் தடுமாறியது. விடை தெரிந்தால் அவர்களுக்குச் சும்மா இருக்க வராது. வேதியியல் முதல் தடவையிலேயே பிரமாதமாகப் போயிற்று. அடுத்த மாதக் கடைசிக்குள் ஒன்பது துறைகள் அமைதியாகக் காலமாகின. 'காத்திருப்போர் இல்லை, புகார் இல்லை, எல்லாப் படுக்கையும் காலி' என்று ஆண்டறிக்கை மேலே போயிற்று. மேலிடம் அதைப் படித்து நெகிழ்ந்து, நாட்டில் உள்ள எல்லாப் பல்கலைக்கழகங்களையும் அவர் பார்வையில் விட்டுவிட்டது.

அதெல்லாம் பிறகு. இருபத்தொன்பதாம் தேதி பிற்பகல் ஏழாமாண்டு உறையைப் பிடித்துக்கொண்டு துறைக்கு ஓடினான். மாலை நாலரைக்கு ரயில். மனைவி ஸ்டேஷனில் பெட்டிகளோடு நின்றுகொண்டு, "சட்டையெல்லாம் எடுத்து வெச்சாச்சு, ஆளைத்தான் காணோம்" என்று போனில் செய்தி அனுப்பியிருந்தாள். பேராசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான்.

இறப்புச் சான்றிதழ் ஒட்டிய கதவை மெதுவாகத் தள்ளினான். மின்விசிறி இல்லாத அறை புழுங்கிக்கொண்டிருந்தது. ஏழு வருடத்தில் அந்த அறையில் மூன்று பேருக்கு மேல் அவன் பார்த்ததில்லை. இப்போது ஜன்னல் கட்டையிலும் தரையிலும்கூட மாணவர்கள். மணிக்கட்டுப் பட்டைகளை எல்லாம் கழற்றி மேஜையில் குவித்திருந்தார்கள். இல்லாத துறையில் வருகைப் பதிவு கிடையாதாகையால், எந்தெந்தத் துறையிலிருந்தோ கேட்க வந்திருந்தார்கள். நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்த பேராசிரியர், உறையோடு வாசலில் நின்றவனைப் பார்த்தார். உறையையும் பார்த்தார். ஒரு நொடிதான். கண்ணை மூடாமலே சொன்னார்:

"வாங்க டாக்டர். கதவைச் சாத்திட்டு வாங்க. உயிரோட இருக்கிறவங்க யாராவது வந்துடப் போறாங்க."